முகிலில் வைக்கும் கணக்கும் நமது பொறுப்பே



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். அபாயாவும் பிள்ளைகளுக்கான உடுப்புகளும் தைத்து விற்பவர். வீட்டு முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. உதவிக்கு இரண்டு பெண்கள் வருகின்றார்கள். ஓடர்கள் வட்ஸ்அப்பில் வருகின்றன. முற்பணம் வங்கிக்கு வருகின்றது. அளவுகள் ஒரு கொப்பியிலும் கடன் கணக்கு வேறொரு கொப்பியிலும் இருக்கின்றன. நோன்பு மாதம் பாதியைத் தாண்டும்போது எந்த ஓடர் யாருடையது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் குழம்பிப் போகின்றது. ஆகவே கணனியில் கணக்கு வைக்கத் தீர்மானித்து மூன்று பேரிடம் ஆலோசனை கேட்டிருக்கின்றார். மூவரும் மூன்று வழி சொல்லியிருக்கின்றார்கள்.

கணனிக் கடைக்காரர், “ஒரே தடவையில் காசு கொடுத்து ஒரு மென்பொருளை வாங்கி உங்கள் கணனியில் போட்டுக்கொள்ளுங்கள்” என்றாராம். சிநேகிதி ஒருவர், “மாதாமாதம் கட்டணம் செலுத்தி இணையத்தில் உள்ளதைப் பாவியுங்கள், போனிலேயே பார்க்கலாம்” என்றாராம். ராத்தாவின் மகனோ, “சாச்சி, உங்களுக்கென்றே நான் ஒன்று எழுதித் தருகிறேன். வெளிநாட்டில் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து அதில் போடுவோம்” என்றாராம்.

“இதில் எதை எடுப்பது? காசு வீணாகாமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இப்போது இருக்கிற கணக்கும் தொலையாமல் இருக்க வேண்டும்” என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

வீட்டிலிருந்தே கேக் செய்பவர்கள், இனிப்பு வகை விற்பவர்கள், டியூஷன் வகுப்பு நடத்துபவர்கள் எனப் பல சகோதரிகளுக்கும் இதே கேள்வி இருக்கும். ஆதலால் இம்மாதம் இதனைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனமாகும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியே அது பேசுகின்றது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பதும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதும் அதில் வருகின்ற போதனைகள். அன்னை கதீஜா (ரழி) அவர்கள் வணிகராக விளங்கியதைப் பெருமையோடு பேசுகின்ற நாம், நமது சின்ன வியாபாரத்தின் கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பதிலும் அக்கறை காட்ட வேண்டும். கொப்பியில் எழுதினாலும் கணனியில் எழுதினாலும் அந்தக் கடமை ஒன்றுதான்.

முகில் என்பது என்ன?

‘முகிற் கணிமை’ என்று பாடப் புத்தகங்களில் வருகின்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. வானத்தில் எதுவும் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், ஒரு பெரிய கட்டடத்தில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் கணனிகள்தாம் அவை. அவற்றை ஒரு நிறுவனம் பராமரிக்கின்றது. நாம் இணையத்தின் வழியாக அவற்றை வாடகைக்குப் பாவிக்கின்றோம். உங்கள் போனில் உள்ள படங்கள் கூகுளில் சேமிக்கப்படுகின்றன என்றால் நீங்கள் ஏற்கனவே முகிலைப் பாவிக்கின்றீர்கள் என்றே பொருள்.

அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய மற்றும் தொழினுட்ப நிறுவனம் 2011 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இதற்கு ஒரு வரைவிலக்கணம் வெளியிட்டது. அதில் இந்த வாடகைச் சேவையை மூன்று வகையாகப் பிரித்தது. அந்தப் பிரிவே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஐயாஸ்’, ‘பாஸ்’, ‘சாஸ்’ என்பார்கள். பெயரை விட்டுவிட்டுத் தையல் வேலையை வைத்தே இம்மூன்றையும் விளங்கிக்கொள்வோம்.

முதலாவது வகையில், ஒருவர் உங்களுக்கு வெறும் கடையறை ஒன்றை வாடகைக்குத் தருகின்றார். கூரையும் கதவும் மின்சாரமும் அவருடையவை. தையல் இயந்திரம், மேசை, கத்தரிக்கோல் அனைத்தையும் நீங்களே கொண்டுவர வேண்டும். எண்ணெய் விடுவதும், ஊசி உடைந்தால் மாற்றுவதும், இரவில் கதவைப் பூட்டுவதும் உங்கள் வேலை. வெறும் சேர்வரை வாடகைக்கு எடுப்பது இப்படித்தான். இதுவே ஐயாஸ்.

இரண்டாவது வகையில், அறையோடு இயந்திரங்களும் தயாராக இருக்கின்றன. எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் அவர்களிடம் ஆள் உண்டு. நீங்கள் துணியோடும் வெட்டும் மாதிரியோடும் போய்த் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். மென்பொருளைச் சொந்தமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு ஏற்ற வகை இது. இதுவே பாஸ்.

மூன்றாவது வகை, மணப்பெண் உடுப்பை வாடகைக்கு எடுப்பது போன்றது. தைத்து, அயன் செய்து, தயாராகத் தருகின்றார்கள். இடுப்பைக் கொஞ்சம் இறுக்கலாம், நீளத்தைக் கொஞ்சம் மடிக்கலாம். வெட்டி வேறு மாதிரித் தைக்க முடியாது. வாடகை கட்டும் வரை பாவிக்கலாம். இதுவே சாஸ். சிநேகிதி சொன்ன மாதக் கட்டணச் சேவை இந்த வகையைச் சேர்ந்தது. ராத்தாவின் மகன் சொன்னது முதலாவது வகை. கடைக்காரர் சொன்னது முகிலே அல்ல. சொந்தமாக ஓர் உடுப்பை வாங்கி அலுமாரியில் வைப்பதற்கு ஒப்பானது.

மார்க்கச் சட்டத்தில் ‘இஜாரா’ என்று நாம் படித்திருக்கின்றோம். பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் குறித்த காலத்துக்குக் குறித்த கூலிக்குக் கொடுப்பது. மாதக் கட்டண மென்பொருளும் தன்மையில் அதற்குக் கிட்டியதே. எனவே இஜாராவில் நாம் பார்ப்பவற்றை இங்கும் பார்க்க வேண்டும். காலம் எவ்வளவு? கூலி எவ்வளவு? எது அதில் அடங்கும், எது அடங்காது? முடித்துக்கொள்ளும்போது என்ன நடக்கும்? இவை தெளிவாகத் தெரியாமல் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவது நல்லதல்ல.

யாருக்கு எந்த வேலை?

பலரும் விலையை மட்டும் ஒப்பிடுகின்றார்கள். வெறும் சேர்வர் மாதம் 5 டொலர் அளவிலும் கிடைக்கின்றது. தயாரான கணக்கு மென்பொருளுக்கு அதைவிடக் கூடவும் கேட்கலாம். அப்படியானால் சேர்வர்தானே இலாபம் என்று தோன்றும். ஆனால் அந்த 5 டொலரில் ஒரு மனிதருடைய உழைப்பு சேரவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்று வகையிலும் கட்டடம், மின்சாரம், ஹாட் டிஸ்க் ஆகியவற்றைச் சேவை தருபவர் பார்த்துக்கொள்கின்றார். கணனியின் அடிப்படை மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அதனை அடைக்கும் வேலை, முதலாவது வகையில் உங்களுடையது. மற்ற இரண்டிலும் அவர்களுடையது. கணக்கு மென்பொருளை எழுதுவதும் பிழை திருத்துவதும் முதல் இரண்டு வகையிலும் உங்களுடையது. மூன்றாவதில் மட்டும் அவர்களுடையது. கடவுச்சொல்லைக் காப்பது, யார் யார் கணக்கைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது, சரியான தொகையை எழுதுவது, நமது கைவசம் ஒரு பிரதி வைத்துக்கொள்வது ஆகியவை மூன்று வகையிலும் நம்முடையவையே. எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்தக் கடைசிப் பகுதியை எவரிடமும் ஒப்படைக்க முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘ஒடூ’ என்று பெல்ஜியம் நாட்டு மென்பொருள் ஒன்று உண்டு. கணக்கு, விற்பனை, கையிருப்பு எல்லாம் அதில் உள்ளன. அதன் ஒரு பதிப்பு இலவசமாகவும் கிடைக்கின்றது. அதனை நீங்களே ஒரு சேர்வரில் நிறுவிப் பராமரிக்கலாம். அவர்கள் பராமரிக்கும் தளத்தில் உங்களுக்கென எழுதிய மாற்றங்களோடு ஓட விடலாம். அல்லது அவர்களது இணையச் சேவையில் பதிவு செய்து தயாராக உள்ளதை அப்படியே பாவிக்கலாம். மென்பொருள் ஒன்றுதான். முதலாவதில் உங்களுக்குக் கணனி தெரிந்த ஆள் எப்போதும் தேவை. இரண்டாவதில் இடைக்கிடை தேவை. மூன்றாவதில் பெரும்பாலும் தேவையில்லை. அதற்குப் பதிலாக, விரும்பிய மாற்றத்தையெல்லாம் செய்யும் சுதந்திரம் குறைகின்றது.

ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. ‘இந்த வேலைகளில் எதை என் வீட்டில் உள்ளவர்களால், ஒவ்வொரு மாதமும், தவறாமல் செய்ய முடியும்?’ என்பதுதான் முதற் கேள்வி.

நடந்தவற்றிலிருந்து படிப்போம்

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆம் திகதி, நமது நாட்டின் அரச முகிலில் இருந்த மின்னஞ்சல் முறைமை, கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அங்கு பாவனையில் இருந்த மென்பொருள் பழைய பதிப்பு என்பதும், அதனைப் புதுப்பிப்பது பிற்போடப்பட்டிருந்ததும் அப்போது வெளியாகின. சம்பளம் பெறும் பொறியியலாளர்கள் உள்ள இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், தையல் வேலைக்கு நடுவே ஒரு சேர்வரைப் பராமரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2021 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ‘ஓவீஎச்’ என்ற நிறுவனத்தின் சேர்வர் கட்டடம் ஒன்று தீயில் முற்றாக எரிந்தது. வேறோர் இடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டும் தொழிலைத் தொடங்கினார்கள். பிரதியே வைக்காதவர்களிலும், அதே வளாகத்தில் பிரதி வைத்தவர்களிலும் பலர் நிரந்தரமாக இழந்தார்கள். முகில் என்றால் அழியாது என்று நினைப்பது தவறு. முகிலும் ஒரு கட்டடம்தான்.

இவ்விரு சம்பவங்களும் தருகின்ற பாடம் ஒன்றே. எந்த வகையை எடுத்தாலும், மாதம் ஒரு தடவையாவது கணக்கை இறக்கி வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். ஒரு பென் டிரைவ் போதும். கடன் பட்டியலைத் தாளில் அச்சிட்டு வைத்தால் இன்னும் நல்லது.

டொலர் ஏறினால்?

பெரும்பாலான முகிற் சேவைகளின் கட்டணம் டொலரில் உள்ளது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 10 டொலர் கட்டியவருக்கு 2,000 ரூபாவாக இருந்த செலவு 3,600 ரூபாவானது. வருடக் கணக்கில் பார்த்தால் 24,000 ரூபா 43,200 ரூபாவாகியது. அவருடைய உடுப்பின் விலை அந்த வேகத்தில் ஏறியிருக்குமா? ஆகவே ரூபாவில் கட்டணம் அறவிடும் உள்நாட்டுச் சேவை தரமாகக் கிடைத்தால் அதனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டொலரில்தான் எடுப்பதென்றால், இன்றைய விலையின் ஒன்றரை மடங்கு ஆனாலும் தாங்குமா என்று கணக்குப் போட்ட பின்னரே எடுங்கள்.

இன்னொன்று, பல சேவைகள் ஆள் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. நீங்களும் உதவிக்கு வரும் இருவரும் தனித்தனியே நுழைவதென்றால் மூன்று மடங்காகலாம். பணத்தைக் காசாக அல்ல, அட்டையின் மூலமே செலுத்த வேண்டியிருக்கும். வட்டிக்கு இடம் வைக்காமல் இருக்க விரும்பும் சகோதரிகள் கடனட்டைக்குப் பதிலாக வங்கியின் டெபிட் காட்டையே கொடுக்கலாம். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அது திறந்துவிடப்பட்டிருக்கின்றதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைக் காலம் முடிந்ததும் தானாகவே பணம் வெட்டப்படும் சேவைகள் உண்டு. அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

இலவசம் என்பதையும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். கூகுள் நிறுவனம் படங்களை எல்லையின்றி இலவசமாகச் சேமிக்க இடம் கொடுத்து வந்தது. 2021 ஜூன் 1 முதல் அதனை நிறுத்தி, 15 ஜீபீ இலவச அளவுக்குள் கணக்கிட்டது. சிறு நிறுவனங்களுக்கு முன்னர் இலவசமாகக் கொடுத்திருந்த மின்னஞ்சல் சேவைக்கும் 2022 இல் வியாபாரிகளிடம் கட்டணம் கேட்டது. அது அவர்களுடைய உரிமை. ஆனால் அப்படியொரு நாள் வரலாம் என்று தயாராக இருப்பது நமது புத்தி.

வட்ஸ்அப் கணக்குக் கொப்பி அல்ல

கடிதம் எழுதிய சகோதரியைப் போலவே பலரது ஓடர்கள் வட்ஸ்அப்பில் மட்டுமே இருக்கின்றன. அதுவும் பிறருடைய கணனிச் சேவையை நம்பி நடப்பதுதான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நமது சமூகத்துக்கு எதிராக வன்செயல் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப் என்பன ஒரு வாரமளவில் தடை செய்யப்பட்டிருந்தன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னரும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் வந்தது. அதே 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 10 மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே ஒரு சேவையைத் தெரிவு செய்யும்போது, இணையம் இல்லாத நேரத்திலும் போனில் எழுதி, பின்னர் இணையம் வந்ததும் சேர்த்துக்கொள்ளும் வசதி அதில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மேசையில் ஒரு சிறு கொப்பி இருக்கட்டும். அன்றைய வரவை அதில் எழுதி இரவில் ஏற்றலாம். வட்ஸ்அப்பில் வரும் ஓடரை அன்றன்றே கணக்கில் பதிவதை ஒரு பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

அமானிதம்

ஒரு பெண் உங்களிடம் தன் உடல் அளவைத் தருகின்றாள். தொலைபேசி இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் தருகின்றாள். சில வேளை, அணிந்து பார்த்த படத்தையும் உங்களை நம்பி அனுப்புகின்றாள். இவையெல்லாம் உங்களிடம் உள்ள அமானிதங்கள். நிறத்தையும் தையலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளப் படம் வந்தால், வேலை முடிந்ததும் அதனை அழித்துவிடுவதே முறை. கணக்கில் பெயரும் அளவும் தொகையும் இருந்தால் போதும். படத்தை ஏற்ற வேண்டிய தேவை என்ன?

நமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கின்றது. ஒருவருடைய விபரத்தை எதற்காகப் பெற்றோமோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவையான அளவே வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படைகள். சட்டம் வருவதற்கு முன்னரே அமானிதம் பேணுவதைப் படித்த சமூகம் நாம். உதவிக்கு வரும் பிள்ளை ஓடரைப் பார்க்கலாம். எல்லாருடைய முகவரியையும் கடனையும் அவள் பார்க்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்ட அனுமதி கொடுக்கும் வசதி இருக்கின்றதா என்று கேளுங்கள்.

திறப்பு யாருடைய கையில்?

இவ்விடத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கைத் திறந்து கொடுப்பவர் பெரும்பாலும் தம்பியோ, மகனோ, மருமகனோ, தெரிந்த ஒரு பிள்ளையோதான். அவர் தனது மின்னஞ்சல் முகவரியையே கொடுத்துப் பதிவு செய்துவிடுவார். அவரது எண்ணத்தில் தவறில்லை. வேலை இலகுவாகும் என்று நினைப்பார். பின்னர் அவர் கத்தாருக்கோ சவூதிக்கோ போய்விடுவார், போன் இலக்கம் மாறும், கடவுச்சொல் மறந்து போகும். வியாபாரம் உங்களுடையதாக இருக்கும். அதன் திறப்பு மட்டும் கடல் கடந்து இருக்கும்.

பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்குரியது என்று இஸ்லாம் தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. அந்தச் சொத்தின் கணக்கும் அவளுடைய பெயரில் இருப்பதுதான் நியாயம். ஆகவே உங்கள் வியாபாரத்துக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, அதன் பெயரிலேயே எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்கின்ற இரு கட்டச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். மீட்டெடுக்கும் குறியீடுகளைத் தாளில் எழுதி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். உங்களுக்குப் பின் அதனைப் பார்க்க வேண்டியவர் யார் என்று நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லியும் வையுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விபரம் கடவுச்சொல்லுக்குள் மூடப்பட்டு மௌத்தோடு போய்விட்டால், கடனை அடைக்க வாரிசுகள் எங்கே தேடுவார்கள்?

அப்படியானால் எதை எடுப்பது?

கடிதம் எழுதிய சகோதரிக்கு எனது ஆலோசனை மூன்றாவது வகையே. அதாவது, தயாராக உள்ள மாத வாடகை மென்பொருள். வீட்டில் சேர்வர் பராமரிக்க ஆள் இல்லை. மூன்று பேர் பாவிக்க வேண்டும். போனில் பார்க்க வேண்டும். அவரது தேவையும் ஓடர், அளவு, முற்பணம், கடன், கையிருப்பு என்ற சாதாரணத் தேவைதான். இவற்றுக்காகப் புதிதாக ஒன்றை எழுதுவிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒருவர் ஒரே மேசையில் கணக்கு எழுதுகின்றார், இணைய வசதியும் குறைவு என்றால் கடைக்காரர் சொன்ன வழியும் குற்றமில்லை. ‘குனூகேஷ்’ போன்ற இலவசக் கணக்கு மென்பொருள்கள் சொந்தக் கணனியிலேயே ஓடும். ஆனால் அந்தக் கணனி பழுதடைந்தால் எல்லாம் போகும். ஆகவே வாரம் ஒரு பிரதி கட்டாயம். வியாபாரம் பெருகி, வேறெங்கும் கிடைக்காத தேவை ஒன்று வந்து, சம்பளம் கொடுத்து ஒரு மென்பொருளாளரை வைக்கும் நிலை வந்தால் இரண்டாவது வகையைப் பற்றி அப்போது யோசிக்கலாம். முதலாவது வகை, அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு உரியது.

ராத்தாவின் மகனின் திறமையையும் வீணாக்க வேண்டாம். கொப்பியில் உள்ளதைக் கணனிக்கு மாற்றுவது, உதவிப் பெண்களுக்குப் பழக்குவது, மாதாந்தப் பிரதியை எடுத்து அது திறக்கின்றதா என்று பார்ப்பது ஆகியவற்றை அவரிடம் ஒப்படைக்கலாம். அவர் வெளிநாடு போனாலும் இந்த வேலையை வேறொருவர் தொடர முடியும்.

பணம் கட்டுவதற்கு முன் இந்த ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, விடையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. கணக்கு முழுவதையும், கணனியில் அட்டவணையாகத் திறக்கக்கூடிய விதத்தில், நானே இறக்கிக்கொள்ள முடியுமா?
2. கட்டணம் ரூபாவிலா, டொலரிலா? ஆளுக்கு எவ்வளவு? வருடத்துக்கு எவ்வளவு?
3. நான் நிறுத்தினால் எனது கணக்கு எத்தனை நாள் வைத்திருக்கப்படும், பின்னர் அழிக்கப்படுமா?
4. தமிழில் பெயர்களையும் குறிப்புகளையும் எழுத முடியுமா?
5. இணையம் இல்லாதபோது என்ன செய்வது?
6. ஆளுக்கு ஆள் அனுமதியை வேறுபடுத்தலாமா?
7. நான் விரும்பும் ஒரு திகதியில் கையிருப்பின் பெறுமதியையும் வர வேண்டிய கடனையும் காட்டுமா?

இந்த ஏழாவது கேள்வி ஸகாத்துக்கானது. விற்பனைக்கென வைத்திருக்கும் பொருளின் பெறுமதியைச் சந்திர வருடம் ஒன்று பூர்த்தியாகும் நாளில் கணக்கிட வேண்டியிருக்கின்றது. பெரும்பாலான மென்பொருள்கள் ஆங்கில வருடத்தையே பின்பற்றுகின்றன. சந்திர வருடம் அதைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆகவே உங்கள் ஸகாத் நாள் ஒவ்வொரு வருடமும் எந்த ஆங்கிலத் திகதியில் வருகின்றது என்று பார்த்து, அன்றைய கையிருப்புப் பட்டியலை எடுத்து வையுங்கள். மென்பொருள் நீங்கள் வாங்கிய விலையையே காட்டக்கூடும். அன்றைய சந்தை விலை எவ்வளவு, எந்தக் கடனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பவற்றை ஓர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாறுவதற்குப் பெருநாள் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேலை குறைந்த ஒரு மாதத்தில் தொடங்குங்கள். முதலில் கடன் பட்டியல், அடுத்து கையிருப்பு, பிறகு புதிய ஓடர்கள் என்ற வரிசையில் ஏற்றுங்கள். ஒரு மாதம் முழுக்கக் கொப்பியிலும் மென்பொருளிலும் இரண்டிலும் எழுதுங்கள். மாத முடிவில் இரண்டின் மொத்தமும் ஒன்றாக வந்தால், அதன் பிறகு புதியதை நம்பலாம். பழைய கொப்பியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள கையொப்பங்கள் மென்பொருளில் இல்லை.

நாம் வாடகைக்கு எடுப்பது கருவியை மட்டுமே. வாடிக்கையாளரின் நம்பிக்கையும், கொடுக்க வேண்டிய கடனும், அதற்கான பதிலும் நம்மிடமே இருக்கின்றன. அதனை மனதில் வைத்துத் தெரிவு செய்தால் எந்த வழியும் இன்ஷா அல்லாஹ் இலேசாகும். உங்கள் கைத்தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

வஸ்ஸலாம்.